நாய்க்கு விடாத வயிற்றுப்போக்கு: புரோபயாடிக் போதுமா?

கேள்வி: எங்கள் 4 வயது லாப்ரடாருக்கு இரண்டு மாதமாக வயிற்றுப்போக்கு. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் நிற்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. குடல் அழற்சியாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். நாங்கள் சாப்பிடும் புரோபயாடிக் (குடலுக்கு நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய) மாத்திரையை அதற்கும் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மனிதர்களுக்கான மாத்திரைகளில், குறிப்பாக மென்று சாப்பிடும் வகையில், இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருக்கலாம். நாய்க்கு அது விஷம். ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும், கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

3 வாரத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்ட வயிற்றுப்போக்குதான். மலத்தில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, புழு இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? கணையக் கோளாறு, அடிசன் நோய் (அட்ரினல் ஹார்மோன் குறைபாடு) இரண்டும் இல்லை என்று உறுதியாகிவிட்டால், அடுத்து உணவை மாற்றிப் பாருங்கள். இதுவரை சாப்பிடாத ஒரு புரதம், அல்லது ஹைட்ரோலைஸ்டு உணவு, அதாவது புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த உணவு. இதிலேயே குணமாகும் நாய்கள் ஏராளம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வித்தியாசம் தெரியும். ஆனால் கறாராக இருக்க வேண்டும். பயிற்சிக்குக் கொடுக்கும் பிஸ்கட், குழந்தை மேசைக்கடியில் நீட்டும் ஒரு வாய், இறைச்சி வாசனை சேர்த்த பூச்சி மாத்திரை, இதில் ஏதாவது ஒன்று போதும், சோதனை வீணாகிவிடும்.

சரி, புரோபயாடிக்? திடீர் வயிற்றுப்போக்கைக் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்த உதவலாம். நாள்பட்ட அழற்சியில் அது துணை மருந்து மட்டுமே. நாய்களுக்கென்றே தயாரித்த ஒன்றை வாங்குங்கள். என்டரோகாக்கஸ் ஃபீசியம் எஸ்எஃப்68 போல, எந்த இனம், எந்த ரகம் என்று லேபிளில் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். காலாவதி நாள் வரை எத்தனை உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கும் என்பதும் வேண்டும். உணவையும் புரோபயாடிக்கையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது மெட்ரோனிடசோல்தான். பித்த அமிலங்களை மாற்றிக் குடலைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அது அழிக்கிறது. மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு அவை பழைய நிலைக்குத் திரும்பாமல் இருக்கலாம். இன்னொரு முறை எழுதித் தந்தால், 'உணவை மாற்றிப் பார்க்கட்டுமா' என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்தால், ஈடுகட்டும் வரை மற்ற சிகிச்சை சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ, வயிறோ கால்களோ வீங்கினாலோ இந்த இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே கூட்டிப் போங்கள். புரதம் குடல் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கலாம். அதற்கு எண்டோஸ்கோப்பி, திசுப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும்.