ஏழு நாள் சாறு குடித்தால் ஐந்து கிலோ குறையுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காவடிக்காகப் பத்து நாள் விரதம் இருந்தபோது மூன்று கிலோ குறைந்தது. விரதம் முடிந்து ஏழு கறிச் சாப்பாடு சாப்பிட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, எல்லாம் திரும்பி வந்துவிட்டது. எபெனில் என்னுடன் வேலை செய்யும் பெண் ஏழு நாள் டிடாக்ஸ் பொட்டலம் விற்கிறார். காலையில் எலுமிச்சைத் தண்ணீர், பகல் முழுவதும் பழச்சாறு, ராத்திரி மூலிகைத் தேநீர், வேறு சாப்பாடே கிடையாது. ஐந்து கிலோ குறையும், உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறும் என்கிறார். எனக்கு வயது 44, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறேன். செய்யலாமா டாக்டர் அம்மா?
வாசகி, ரோஸ் ஹில்

பதில்: வேண்டாம் தங்கச்சி. எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று கிளிக்லசைட் பார்க்காது, இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக் கணையத்தை விரட்டிக்கொண்டே இருக்கும். வெறும் சாறு குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும், அப்புறம் சில மணி நேரத்தில் 4 mmol/L-க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும், இது மோட்டார்வேயில் வண்டி ஓட்டும்போது வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. நம் மொரிஷியஸ் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இப்படி ஒன்றை விற்பவர் முதலில் கேட்க வேண்டியது 'என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' என்பதுதான். உங்களிடம் அந்தப் பெண் கேட்டாரா?

சரி, அந்த ஐந்து கிலோவுக்கு வருவோம். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சுமார் 400, 500 கிராம் சேர்ந்திருக்கும், அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டைக் குறைத்த முதல் சில நாளில் இதுதான் கரைந்து போகிறது, அதனால்தான் தராசு அவ்வளவு வேகமாக இறங்குகிறது. மறுபடி சோறு, ஃபராத்தா என்று ஆரம்பித்தால் அந்தத் தண்ணீர் திரும்பி வந்துவிடும், உங்கள் விரதத்தில் குறைந்த மூன்று கிலோவிலும் பெரும்பகுதி இதுவாகத்தான் இருந்திருக்கும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளுக்கு 1,000 கலோரி குறைத்தால்கூட ஏழு நாளில் ஒரு கிலோ கொழுப்பு முழுசாகப் போகாது, அதோடு சாறில் புரதம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் தசையும் சேர்ந்து தேயும்.

நச்சு என்கிறாரே, எந்த நச்சு என்று பெயர் கேட்டுப் பாருங்கள். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன, மருந்தையும் மதுவையும் உடைத்து வெளியே அனுப்ப வேண்டிய பக்குவத்துக்குக் கொண்டுவருவது கல்லீரல். எலுமிச்சைத் தண்ணீர் இந்த வேலையில் எதையும் கூட்டுவதாகக் காட்டியவர் இல்லை. 2015-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்து, கடையில் விற்கும் டிடாக்ஸ் உணவுமுறைகளை முறையான ஒப்பீட்டுச் சோதனையில் யாரும் சோதித்ததே இல்லை என்று எழுதினார்கள்.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. ஏழு நாள் கோலா இல்லை, அலுடா என்ற இனிப்புப் பால் பானம் இல்லை, கத்தோ பிமான் என்ற மிளகாய் வடை இல்லை, உப்பும் எண்ணெயும் குறைவு. வயிறு லேசாகும், கால் வீக்கம் வடியும், சிலருக்கு அதுவே நல்ல தொடக்கமாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் இந்த நன்மையெல்லாம் நிறுத்திய பொருளால் வந்தது, குடித்த சாறால் அல்ல. அந்தப் பொட்டலம் இல்லாமலே கோலாவை நிறுத்தலாம், காசும் மிச்சம்.

விரத நாட்களில் நீங்கள் பருப்பும் கீரையும் சாப்பிட்டிருப்பீர்கள், அதைத் தொடருங்கள். தட்டில் பாதி கீரையும் காய்கறியும், கால் பங்கு பருப்போ மீனோ, மீதிதான் சோறு. முருங்கைக்கீரை பூயோன் (கீரை சூப்) வாரத்தில் பல நாள் வைக்கலாம். எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையில் நல்ல மாற்றம் தெரியும், அதை மூன்று நான்கு மாதத்தில் செய்தால் போதும். எடை குறையக் குறைய மாத்திரை அளவையும் குறைக்க வேண்டியிருக்கும், ஆகவே பக்கத்து ஹெல்த் சென்டர் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அடுத்த காவடி விரதத்துக்கு முன்னாலும் இதே மாதிரி போய்ப் பாருங்கள்.

கேள்வி: போர்ட் லூயி மார்க்கெட்டில் இளைக்க என்று ஒரு திசான் (மூலிகைத் தேநீர்) வாங்கினேன். குடித்தால் நாலைந்து தடவை வயிறு போகிறது, காலையில் எடை குறைந்திருக்கிறது. தொடரலாமா?
வாசகி, வயது 20, குட்லாண்ட்ஸ்

பதில்: வயிறு இப்படிப் போனால் அதில் நிலாவரை, பிரெஞ்சில் செனே என்பார்கள், கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நிலாவரை பெருங்குடலில் வேலை செய்கிறது, சாப்பாட்டின் கலோரியோ அதற்கு முன்பே சிறுகுடலில் உடம்பில் சேர்ந்துவிடும். வெளியே போவது தண்ணீரும் பொட்டாசியமும். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் தசை தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கடுமையான பேதி வந்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம், பலரும் கவனிக்காத விஷயம் இது. இன்றே நிறுத்துங்கள். மயக்கமோ படபடப்போ இருந்தால் உடனே டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் ஏறும் கழிவு) அதிகம். தினமும் வெறும் வயிற்றில் கரம்போல் (நட்சத்திரப் பழம்) சாறு கொடுத்தால் சிறுநீரகம் சுத்தமாகும், எடையும் குறையும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். எங்கள் தோட்டத்திலேயே மரம் இருக்கிறது.
வாசகி, காத்ர் போர்ன்

பதில்: ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள் அம்மா. அந்தப் பழத்தில் கரம்பாக்ஸின் என்ற நரம்பு நச்சு இருக்கிறது, ஆக்ஸலேட்டும் நிறைய. ஆரோக்கியமான சிறுநீரகம் அந்த நச்சை வெளியே தள்ளிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. முதலில் நிற்காத விக்கல், அப்புறம் வாந்தி, குழப்பம், வலிப்பு, உயிரே போன சம்பவங்களும் மருத்துவப் பதிவுகளில் உண்டு. நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள்கூட வெறும் வயிற்றில் அளவுக்கு மீறி இந்தச் சாறைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டு வந்திருக்கிறார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்து அவருக்கு விக்கல் நிற்காமல் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், கரம்போல் சாப்பிட்டார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், உடனே டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.