நகை பீரோவிலேயே இருக்கட்டும், அம்மா

தண்டையார்பேட்டை அம்மாவுக்கு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் மகளுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் வாங்கிவிடலாம், நகையை வைத்தால் போதும் என்று உங்கள் அண்ணன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. நகையை வைக்காதீர்கள். அது முதல் வருஷத்துக்குத்தான் ஆகும். மீதி மூன்று வருஷத்துக்கு யார் கட்டுவது?

அவள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். (2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியதே அந்தக் கல்லூரியில்தான்.) இன்ஜினீயரிங் சேர்ந்தாலும் அது வரும், ஆனால் அடகு வட்டிக்கே போய்விடும்.

சொந்தக்காரர்கள் யாரும் சொல்லாத வேலை ஒன்று உண்டு: ஆட்டோமேஷன் டெஸ்டிங். வெப்சைட் படிவங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று ஸ்கிரிப்ட் எழுதிச் சோதிக்கிற வேலை. இதற்கான கருவி செலினியம், பிளேரைட் எதுவானாலும், முதலில் படிவத்தில் சரியான பெட்டியைப் பிடிக்கத் தெரிய வேண்டும். அதை அவள் இன்றைக்கே, செலவில்லாமல் பழகலாம். கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு படிவத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, கட்டளைகளைத் தட்டிப் பார்க்கிற கன்சோலுக்குப் போகட்டும்.

பெட்டியைத் தேடித் தரும் கட்டளை குவெரிசெலக்டர். அதற்குள், ஆங்கில எழுத்தில், இன்புட்[நேம்="போன்"] என்று கொடுத்தால் அந்தப் பெயருள்ள முதல் பெட்டி மட்டும் கிடைக்கும். எல்லாம் வேண்டுமென்றால் குவெரிசெலக்டர்ஆல். எதுவும் பொருந்தாவிட்டால் குவெரிசெலக்டர் 'நல்' (null, அதாவது ஒன்றுமில்லை) தரும். அதைக் கவனிக்காமல் வேல்யூ (பெட்டியில் உள்ள மதிப்பு) கேட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். பெட்டியின் பெயரே மார்க்[] என்று இருந்தால், அதைச் சுற்றி மேற்கோள்குறி கட்டாயம். டைப்="டெக்ஸ்ட்" என்று தேடினால், டைப் எழுதாமல் விட்ட பெட்டி சிக்காது. திரையில் அது டெக்ஸ்ட் பெட்டியாகத்தான் தெரியும், ஆனால் தேடுவது எழுதிய ஆட்ரிபியூட்டை (நேம், டைப் போன்ற குறிப்பை).

நிறைய பேர் விழுகிற குழி அடுத்தது. [வேல்யூ="..."] என்று தேடினால், பயனர் தட்டியது கிடைக்காது, எச்டிஎம்எல்லில் (பக்கத்தின் குறியீட்டில்) முதலில் எழுதியிருந்ததுதான் ஒப்பிடப்படும். டிக் பெட்டிக்கும் அப்படியே: [செக்டு] பக்கம் வந்தபோது இருந்த நிலையைப் பார்க்கும், :செக்டு இப்போதைய நிலையைப் பார்க்கும். முன்னதைப் போட்டால், டிக்கை எடுத்த பிறகும் டெஸ்ட் 'பாஸ்' என்று பொய் சொல்லும்.

பத்து நாள் விடுங்கள். தேடிய பெட்டி ஏன் வரவில்லை என்று தோண்டிக்கொண்டே இருக்கிறாளா, பாருங்கள். சலித்துவிட்டால், வேறு எது பிடிக்கும் என்று அவளிடமே கேளுங்கள். அண்ணனுக்கு அதன் பிறகு பதில் சொன்னால் போதும். அதற்குள் அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டுவிடுங்கள். அந்த 1,000 ரூபாய்க்காக, அவள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.