வடக்கு ஊர்களில் நேரலை வகுப்பு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கனடாவின் வடக்கே, தொலைவில் இருக்கும் பூர்வகுடி ஊர்களில் நடக்கும் நேரலை இணைய வகுப்புகள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி: ஆசிரியர்களையே அங்கே அனுப்பலாமே, இணைய வகுப்பு எதற்கு?

அனுப்புகிறார்கள். ஆனால் கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டின் 25 ஊர்களில் ஒன்றுக்குக்கூட வெளியிலிருந்து சாலை கிடையாது. சில நூறு பேர் வாழும் ஊரில் இயற்பியலுக்கு ஒருவர், இசைக்கு ஒருவர் என்று வைக்கவும் முடியாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வடக்கு ஒன்டாரியோவின் பல ஊர்களில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க, பிள்ளைகள் வீட்டை விட்டு நகரத்துக்குப் போக வேண்டும். அப்படித் தண்டர் பே நகருக்குப் படிக்கப் போன ஏழு மாணவர்கள் 2000க்கும் 2011க்கும் இடையில் இறந்தார்கள். அந்த மரணங்களை விசாரித்த நடுவர் குழு 2016இல் 145 பரிந்துரைகள் தந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து வலுக்கட்டாயமாகப் பிரித்து வைத்த அந்தக் கால உறைவிடப் பள்ளிகளுக்குத் தம் மக்களைப் பறிகொடுத்த குடும்பங்களின் அடுத்த தலைமுறைதான் இது. பிள்ளை தன் வீட்டில், தன் மொழி பேசுகிறவர்கள் நடுவில் இருந்தபடியே படிக்க முடிந்தால், எனக்கு அதுதான் இந்த வகுப்புகளின் முதல் பயன்.

கேள்வி: அப்படியானால் வகுப்பறையில் ஆசிரியரே வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். வடக்கு ஒன்டாரியோவின் பூர்வகுடித் தலைவர்கள் சேர்ந்த கீவேட்டினுக் ஒக்கிமாக்கனாக் மன்றம் நடத்தும் இணைய உயர்நிலைப் பள்ளியைப் பாருங்கள். பாடம் இணையத்தில் வரும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு வகுப்பறை, அதில் ஓர் ஆசிரியர். பிள்ளை ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்று திரையில் இருப்பவருக்குத் தெரியாது. கூட இருப்பவருக்குத் தெரியும்.

கேள்வி: படம் உறைந்துபோகிறது, குரல் தாமதமாக வருகிறது. என்ன செய்வது?

இந்த ஊர்களுக்கு இணையம் தரும் பழைய செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும். தாழ்வாகச் சுற்றும் புதியவை இதை வெகுவாகக் குறைத்துவிட்டன. எதுவானாலும் குரலுக்கு முதலிடம் கொடுங்கள், ஆளுக்கொரு கேமரா வேண்டாம், வகுப்புக்கு ஒன்று போதும். பாடப் பக்கங்களை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: வடதுருவப் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் பிள்ளைகள் நான் கேட்டால் பதிலே சொல்வதில்லை. ஆர்வம் இல்லையோ?

சொல்லியிருப்பார்கள், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே புருவத்தை உயர்த்தினால் 'ஆமாம்', மூக்கைச் சுருக்கினால் 'இல்லை'. கேமரா பின்சுவரிலிருந்து மொத்த வகுப்பையும் காட்டினால் இது எப்படித் தெரியும்? முகம் தெரிகிற தூரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்புறம், கேட்டவுடனே அடுத்தவரிடம் தாவாமல் கொஞ்சம் காத்திருங்கள்.

கேள்வி: வசந்தத்தில் பாதி வகுப்பு காலியாக இருக்கிறதே?

ஜேம்ஸ் விரிகுடாப் பக்கத்து கிரீ என்ற பூர்வகுடி மக்களின் ஊரா? அது காட்டு வாத்து வேட்டைக் காலம். பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு முகாமில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதுவும் படிப்புதான். உங்கள் அட்டவணையை மாற்றுங்கள்.

கேள்வி: நான் அறிவியல் படித்தவள். ஒரு வகுப்பு எடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?

2013இல் நுனாவுட்டின் தலைநகரான இக்காலூயிட்டில் தொடங்கிய 'கனெக்டட் நார்த்' திட்டம் உங்களைப் போன்றவர்களை வகுப்புகளோடு நேரலையில் இணைக்கிறது. பாடத்தைத் தயாரிக்கும் முன்பே அந்த வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். பிள்ளைகள் இப்போது என்ன படிக்கிறார்கள், ஊர்ப் பெரியவர் யாராவது கூட உட்கார்ந்து பேச முடியுமா என்று கேளுங்கள். கடல் பனியைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்றால், முதலில் அந்தப் பெரியவரைப் பேசவிடுங்கள்.