வராந்தாவில் ஓர் அம்மா

அன்புள்ள ஐயா,

வட மாவட்டம் ஒன்றில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். முதல் மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் என்னிடம். இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் சேர்ந்திருக்கிறான். பேச்சு மிகக் குறைவு. திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான், பெரும்பாலும் இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும். அதனால் அவனுடைய அம்மா நாள் முழுவதும் பள்ளியிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டோம். அவரும் மறுக்காமல் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்.

சென்ற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சில பெற்றோர், "இவனால் எங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது, சிறப்புப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்றார்கள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சிறப்புக் கல்வியில் எனக்குப் பயிற்சி இல்லை. எல்லாக் குழந்தைகளுக்குமான பள்ளி என்று கேட்க நன்றாக இருக்கிறது. என் வகுப்பறையில் அது நடக்குமா? அவனுக்கேகூடச் சிறப்புப் பள்ளிதான் நல்லதோ?

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன அந்த அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும்.

காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும் வரை அவர் வராந்தாவில் இருக்கிறார். களை எடுக்கப் போக முடியாது, நூறு நாள் வேலைக்கும் போக முடியாது. கட்டணமே இல்லாத அரசுப் பள்ளியில் அந்த ஒரு குடும்பம் மட்டும் தினமும் ஒரு நாள் கூலியைக் கட்டணமாகச் செலுத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள் கெட்ட எண்ணத்தோடு அந்த நிபந்தனையை விதிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பையனுக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். ஆனால் மற்ற 30 குழந்தைகள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று யோசியுங்கள். அவன் ஓடினால் அம்மா வருவார், அழுதால் அம்மா வருவார். அப்படியானால் அவனைப் பார்த்துக்கொள்வது நம் வேலை இல்லை என்றுதானே அவர்கள் நினைப்பார்கள்? அவனும் உங்களிடம் வரக் கற்றுக்கொள்ள மாட்டான், வராந்தாவுக்குத்தான் ஓடுவான்.

சட்டப்படியும் இந்த நிபந்தனைக்கு இடமில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியில் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்தக் குழந்தைக்குத் தேவையான வசதியையும் பள்ளிதான் செய்துதர வேண்டும் என்கிறது. வசதியைச் செய்ய வேண்டியது பள்ளி. அந்தச் சுமையைத் தாயின் தலையில் ஏற்றியிருக்கிறோம்.

அவன் ஏன் ஓடுகிறான் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு தடயம் இருக்கிறது. காதைப் பொத்திக்கொள்கிறான், இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் ஓடுகிறான். உங்கள் பள்ளியில் மணி எது? தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கிறீர்களா? ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு நாம் பொருட்படுத்தாத ஒலிகூடத் தாங்க முடியாத வலியாக இருக்கும். அந்த மணிக்கும், அதைத் தொடர்ந்து வரும் தட்டுகளின் சத்தத்துக்கும் பயந்துதான் அவன் ஓடுகிறான் என்றால், அதை அடங்காமை என்று சொல்ல முடியுமா? ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். மணி அடிப்பதற்குச் சற்று முன்பே அவனிடம் சொல்லுங்கள், அல்லது மணிப் படம் ஒன்றைக் காட்டுங்கள். சாப்பாட்டு வரிசையில் கூட்டம் சேர்வதற்கு முன் அவனை முதலில் அனுப்புங்கள். முடிந்தால் மணிக்குப் பதில் கைதட்டலை வையுங்கள். அன்றைய வேலைகளை வரிசையாகப் படம் வரைந்து, அவன் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் பயம் குறையும். அறையின் ஒரு மூலையில் பாய் போட்டு, தாங்க முடியாதபோது அங்கே போய் உட்காரலாம் என்று அவனுக்குக் காட்டுங்கள். கைகளை உதறினால் உதறட்டும், பிடித்து நிறுத்த வேண்டாம். அவனுக்கு எது பிடிக்கும், எதற்கு அஞ்சுவான் என்பதை எந்தப் பயிற்சி நூலையும்விட அந்த அம்மா நன்றாகச் சொல்வார். அவரிடம் கேட்டீர்களா?

பயிற்சி இல்லை என்கிறீர்கள். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்துகிறவர் நீங்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தை நிற்கும் நிலையை வைத்துப் பாடம் நடத்துகிறீர்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பில் இருந்தால் அதை வெளியே அனுப்புவதில்லை, அதற்கேற்ற செயல்பாட்டைக் கொடுக்கிறீர்கள். எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்வியின் பாதி இதுதான். நகரத்துப் பெரிய பள்ளிகளில், ஒரே வயது, ஒரே பாடம், ஒரே வேகம் என்று பழகிய ஆசிரியர்களைவிட இந்தக் கலையில் உங்களுக்குத்தான் தேர்ச்சி அதிகம். எல்லோரும் "ஆடு" என்று எழுதும்போது அவன் ஆட்டுப் படத்தை எடுத்துக் கொடுக்கட்டும். அதே பாடத்தில் அவனுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும். மூலையில் உட்காரவைத்துக் கிறுக்கத் தாள் கொடுப்பதைப் பங்கு என்று சொல்ல மாட்டேன்.

மீதிப் பாதிக்கு உங்களுக்குத் துணை தேவை, அதைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை 2022இல் ஒன்றிய அரசு அறிவித்தது. ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஓடும் நிலையில் உங்களைப் போன்றவர்கள் தனியாக விடப்படுவது அநியாயம். தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் துணையாளுக்கும் போக்குவரத்துக்கும் படி உண்டு, அதையும் கேளுங்கள்.

சிறப்புப் பள்ளியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குறிப்பாகக் காது கேளாத குழந்தைகளுக்கு. சைகை மொழி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில் அப்படி ஒரு குழந்தையை உட்காரவைத்துவிட்டு உள்ளடக்கிய கல்வி என்று பெயர் சூட்டினால், அது கொடுமை. அவர்களுக்குச் சைகை பேசும் தோழர்கள் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், சான்றளிக்கப்பட்ட 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளி அல்லது சிறப்புப் பள்ளி என்று இரண்டையும் திறந்து வைத்திருக்கிறது. தேர்வு அந்தக் குழந்தையுடையது, அதன் பெற்றோருடையது. மேலாண்மைக் குழுவில் குரல் உயர்த்தும் மற்ற பெற்றோருக்கு அதில் வாக்கில்லை.

அந்தப் பெற்றோரிடம் கோபிக்காமல் பேசுங்கள். அவர்கள் பயமும் பிள்ளைப் பாசத்தில் வந்ததுதான். ஆனால் "இவன் வந்தால் எங்கள் பிள்ளைகள் கெடும்" என்ற பேச்சு நம் மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லுங்கள். ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகள் பொதுப் பள்ளிக்குள் நுழைந்தபோது இதே பேச்சுத்தான். அன்று பள்ளிகள் பணிந்திருந்தால் அந்தப் பெற்றோரில் எத்தனை பேரின் தாத்தா எழுத்துக் கற்றிருப்பார்? சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவருடன் படித்த மாணவர்கள். ஒரு கூரையின் கீழ் இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் அறியவில்லை. உங்கள் வகுப்பில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் இருக்கிறார்கள். மணி அடிக்கப்போகிறது என்று அவனிடம் ஓடிப்போய்ச் சொல்லும் வேலையை அவர்களில் ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள், மறுநாள் அந்த வேலைக்குப் போட்டியே வரும்.

அடுத்த கூட்டத்தைப் பற்றி ஒன்று. மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அதில் உரிய இடம் வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம்; 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறன் குழந்தைகளும் அந்தப் பிரிவில் அடக்கம். அந்த அம்மாவை வேலைக்கு அனுப்புங்கள். கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் அழைத்து, உள்ளே நாற்காலி போட்டு, அவரைப் பேசச் சொல்லுங்கள்.