பிழை செய்தவர் கையிலேயே கடைசிப் பந்து

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கடைசி நொடிவரை முடிவு தெரியாமல் போன 'பவுல்' ஆட்டம் என்றால் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது?

2007 ஜனவரி 1, அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேலில் நடந்த ஃபியெஸ்டா பவுல். பாய்சி ஸ்டேட் 43, ஒக்லஹோமா 42.

அப்போது நான் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐடஹோ மாநிலத்தவர். புத்தாண்டு இரவில் தனியாக இருக்க வேண்டாம் என்று ஆட்டம் பார்க்க அழைத்திருந்தார். பருவம் முடிந்தபின் சிறந்த அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டத்துக்குத்தான் பவுல் என்று பெயர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஒக்லஹோமா பலமுறை தேசிய சாம்பியனான பெரிய அணி. பெரியவரின் ஐடஹோவைச் சேர்ந்த பாய்சி ஸ்டேட் 1996இல்தான் முதல்நிலைப் பிரிவுக்கே வந்தது. அந்தப் பருவத்தில் ஆடிய 12 ஆட்டங்களையும் வென்றிருந்தது. ஆனாலும் 'சிறிய அணிகளை வென்றவர்கள்தானே' என்ற பேச்சு இருந்தது. மூன்றாவது கால் பகுதியில் அவர்கள் 28-10 என்று முன்னிலை பெற்றபோது பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு எல்லாம் சரிந்தது. ஒக்லஹோமா விடாமல் துரத்தி வந்து, 1 நிமிடம் 26 நொடி மீதமிருந்தபோது 28-28 என்று சமன் செய்தது. அடுத்து பாய்சியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரான ஜாரெட் சப்ரான்ஸ்கி எறிந்த பந்தை ஒக்லஹோமாவின் மார்கஸ் வாக்கர் இடைமறித்துப் பிடித்து, அப்படியே ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் செய்தார். 35-28. மீதமிருந்தது 1 நிமிடம் 2 நொடி. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் தந்திர ஆட்டங்களைத்தான் சொல்வார்கள். எனக்கு இது சப்ரான்ஸ்கியின் ஆட்டம். 2005இல் ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பந்தைத் திரும்பத் திரும்ப எதிரணியிடம் இழந்து, பாதியிலேயே வெளியே உட்கார வைக்கப்பட்டவர் அவர். இப்போது நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் அதே பிழை. தலைமைப் பயிற்சியாளராக முதல் ஆண்டில் இருந்த கிறிஸ் பீட்டர்சன் அவரையே மீண்டும் களத்துக்கு அனுப்பினார்.

18 நொடி மீதம். கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சி. பந்தைத் தக்கவைக்கத் தேவை 18 யார்டு. சப்ரான்ஸ்கி நடுவில் நின்ற டிரிசன் ஜேம்சுக்கு எறிந்தார். ஜேம்ஸ் பிடித்த இடம் 18 யார்டைத் தொடவில்லை. தடுப்பவர்கள் எல்லோரும் அவரை நோக்கிப் பாய, எதிர்த்திசையில் ஓடிவந்த ஜெரார்டு ராபிடம் பந்தைத் தள்ளிவிட்டார். பின்னோக்கித் தருவதற்கு விதியில் தடையில்லை. ராப் ஓரமாக ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டியபோது மீதமிருந்தது 7 நொடி. நான் கத்திய கத்தலில்தான் பெரியவர் உள்ளே ஓடிவந்தார். மறு ஒளிபரப்பில்தான் அவர் அதைப் பார்த்தார். அது எனக்கு இன்றும் வருத்தம்.

35-35, கூடுதல் நேரம். அதில் ஒவ்வொரு அணிக்கும் எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஒரு வாய்ப்பு கிடைக்கும். ஒக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் ஓட்டத்திலேயே அந்த 25 யார்டையும் கடந்தார். 42-35. பாய்சி மறுபடியும் நான்காவது முயற்சி வரை தள்ளப்பட்டது. சப்ரான்ஸ்கி ஒதுங்கி ஓடிக் கவனத்தை இழுக்க, வின்னி பெரெட்டா பந்தை வாங்கி டெரெக் ஷோமனுக்கு எறிந்தார். டச்டவுன். 42-41.

டச்டவுனுக்குப் பின் ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. இங்கே உதைத்தால் ஒரு புள்ளி, சமன். ஓடியோ எறிந்தோ எல்லைக்குள் கொண்டுபோனால் இரண்டு புள்ளி, வெற்றி. தவறினால் தோல்வி. பயிற்சியாளர் பீட்டர்சன் இரண்டைக் கேட்டார். இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அது தெளிவான கணக்கு. ஒரே ஓட்டத்தில் டச்டவுன் செய்யும் ஆளை வைத்திருக்கும் அணியுடன் இன்னொரு சுற்றுக்குப் போனால், சிறிய அணிக்குத்தான் வலு குறையும்.

சப்ரான்ஸ்கி வலது பக்கம் எறிவதுபோலக் கையை வீசினார். கையில் பந்து இல்லை. அது இடது கையில், முதுகுக்குப் பின்னால் இருந்தது. இயன் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு இடது பக்கம் ஓடியபோது அவரைத் தொட ஒருவரும் இல்லை.

ஜான்சன் தன் காதலியிடம் மைதானத்திலேயே மண்டியிட்டு மணக்கக் கேட்டது ஊரறிந்த கதை. எனக்கு ஆறாதது வேறு. 13-0 என்று முடித்த பாய்சி ஸ்டேட்டுக்கு ஏபி செய்தி நிறுவனத்தின் கடைசித் தரவரிசைப் பட்டியலில் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. ஓர் ஆட்டத்தில் தோற்ற ஃபுளோரிடா சாம்பியன். தோற்காத அணிக்குப் பட்டத்துக்காக ஆடும் வாய்ப்பாவது கொடுத்திருக்க வேண்டும்.

2024 பருவத்தில் பட்டத்துக்காக 12 அணிகள் மோதும் முறை வந்தது. பாய்சி ஸ்டேட்டுக்கு அதில் இடம் கிடைத்தது. அவர்கள் முதலில் ஆடியது அதே ஃபியெஸ்டா பவுல், அதே கிளெண்டேல் மைதானம். பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றார்கள். அன்று முழு ஆட்டத்தையும் பார்த்தேன், கடைசி நிமிடம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.