முதலில் மேயர், அப்புறம்தான் பாதிரியார்

கேள்வி: பிரான்சில் சர்ச்சில் மட்டும் கல்யாணம் செய்தால் செல்லாதாமே, நிஜமா? – ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: நிஜம்தான். முதலில் நகராட்சி அலுவலகத்தில் மேயர் அல்லது அவருடைய துணை மேயர் முன்னால் திருமணம் நடக்க வேண்டும், அப்புறம்தான் சர்ச், மசூதி, கோயில் எல்லாம். அது ஆகாமலே மதச் சடங்கை வழக்கமாக நடத்திவைக்கும் குருமாருக்கு 6 மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அரசையும் சர்ச்சையும் பிரித்த 1905-ஆம் வருஷச் சட்டத்தால் வந்தது இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புரட்சிக் காலத்தில், 1792-லேயே திருமணம் பாதிரியார் கையைவிட்டுப் போய்விட்டது. மதத்தில் தலையிட மாட்டேன் என்கிற அரசு, சடங்கை எப்போது நடத்தலாம் என்று மட்டும் சொல்லலாமா? எனக்கு அது நெருடல்தான். கடலைத் தாண்டினால் இங்கிலாந்தில், அந்த நாட்டு அரசின் அதிகாரபூர்வ சர்ச்சான ஆங்கிலிக்கன் சர்ச்சில் நடக்கும் திருமணமே சட்டப்படியும் செல்லும்.