காலையில் வரும் விறைப்பு இரவில் ஏன் நீடிப்பதில்லை?

கேள்வி: வயது 29. திருமணமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. காலையில் விழிக்கும்போது விறைப்பு நன்றாக இருக்கிறது. மனைவியுடன் சேரும்போது பாதியிலேயே போய்விடுகிறது. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒருவர் மூலிகைச் சூரணம் கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். காலையில் விறைப்பு வருகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், நரம்புகளும் ரத்தக்குழாய்களும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன என்று கொள்ளலாம். ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், முக்கியமாகக் கனவு காணும் கட்டங்களில், ஓர் இரவில் 3 முதல் 5 முறை தானாகவே விறைப்பு உண்டாகிறது. காலையில் நீங்கள் காண்பது அவற்றில் கடைசியானது.

கிளர்ச்சியின்போது ஆண்குறியின் நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, ரத்தக்குழாய்கள் விரிந்து, பாய்ந்து வரும் ரத்தம் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற திசுவை நிரப்பி, ரத்தம் வெளியேறும் சிரைகளை அழுத்தி மூடிவிடுகிறது. ‘இன்றும் முடியாமல் போய்விடுமோ’ என்ற பதற்றம் தலைகாட்டினால் அட்ரினலின் அதே குழாய்களைச் சுருக்கிவிடும். தூங்குகிறவருக்கு அந்தப் பதற்றம் இல்லை.

சூரணம் தருபவர் இதையெல்லாம் கேட்கமாட்டார். சுயஇன்பப் பழக்கம் உண்டா, விந்து நீர்த்துப்போயிருக்கிறதா என்றுதான் கேட்பார். இரண்டுக்கும் உங்கள் சிக்கலுக்கும் தொடர்பில்லை. மூலிகை என்று விற்கப்படும் பொடிகள் பலவற்றில் சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் விறைப்பு மருந்து) ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை ஆய்வகங்கள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கின்றன. ‘முதல் நாளே பலன்’ என்பதன் சூட்சுமம் பெரும்பாலும் அதுதான். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அறியாமல் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தம்பதியை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசாமல் ஹார்மோன் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி அனுப்பும் எங்கள் மருத்துவத் துறையினர்தான் இந்த வியாபாரிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் தனியே சொல்ல வேண்டும். காலை விறைப்பும் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைந்து, தனிமையிலும் வராமல் போனால், அது வேறு கதை. ஆண்குறித் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். அடைப்பு முதலில் சிறிய குழாயில் தெரியக்கூடும் என்பதால், அப்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்தே ஆகவேண்டும், இளவயதாக இருந்தாலும், புகைப்பவராக இருந்தால் இன்னும் விரைவாக.

உங்களுக்கு வேண்டியது, 1970இல் அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் விளக்கிய பயிற்சி: சில வாரங்கள் உடலுறவை இருவரும் பேசி ஒத்திவைத்து, தொடுதலோடு நிறுத்திக்கொள்வது. மனைவியிடம் காரணத்தைச் சொல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். தன்னைப் பிடிக்காததால்தான் இப்படி நடக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.